முதல் ஃபிளாஷ் வாங்கப் போறீங்களா? கார்ட்ல போடுறதுக்கு முன்னாடி இத ஒருதடவ படிச்சிருங்க

"எந்த ஃபிளாஷ் வாங்கலாம்"னு யாராவது கேட்டா உடனே நாலு பேர் நாலு மாடல் பேர் சொல்வாங்க. கேட்டவரு எங்க எடுக்கப் போறாரு, எத எடுக்கப் போறாருன்னு ஒருத்தரும் திருப்பிக் கேக்க மாட்டாங்க. அதனாலதான் பாதிப் பேர் வீட்ல 600 வாட் செகண்ட் பவர் உள்ள பெரிய ஸ்ட்ரோப் ஃபிளாஷ் ஒன்னு தூசி புடிச்சு நிக்குது, மீதிப் பேரு மொட்ட வெயில்ல சின்ன ஸ்பீட்லைட்ட வச்சுக்கிட்டு ஏன் முகத்துல வெளிச்சமே விழலன்னு முழிக்கிறாங்க. நான் மாடல் பேர்லருந்து ஆரம்பிக்கல, எடுக்கப்போற எடத்துலருந்து ஆரம்பிக்கிறேன்.

படி 1: எங்க, எத

ஒரு பேப்பர் எடுத்து ரெண்டே விஷயம் எழுதுங்க. அடுத்த ஒரு வருஷத்துல அதிகமா எடுக்கப் போறது என்ன, அத எடுக்கப்போற எடம் எவ்ளோ பெருசு. "எல்லாமே எடுப்பேன்"னு எழுதினா அது பதில் இல்ல, அதுல எது அதிகம்னு மனசத் தொட்டு சொல்லுங்க.

ரூமுக்குள்ள ஒரு ஆள், தலையும் தோளும் வர்ற போர்ட்ரெய்ட்னா கேமரா மேல மாட்டுற சாதாரண ஸ்பீட்லைட்டே தாராளம். முழு உருவம், குடும்பமா அஞ்சாறு பேர்னா 200 வாட் செகண்ட் பக்கம் போகணும். மத்தியான வெயில்ல வெளிய சாஃப்ட்பாக்ஸ் (லைட்டுக்கு முன்னாடி மாட்டுற துணிப்பெட்டி) போட்டு எடுக்கணும்னா 400, 600. விசேஷ வீடு, மேடை, ஓடி ஓடி எடுக்குற வேலைன்னா கேமரா மேலயே தலை நல்லா திரும்புற ஸ்பீட்லைட், கூரையில பவுன்ஸ் பண்றதுக்கு, அதாவது வெளிச்சத்த கூரையில அடிச்சு திருப்பி விழ வைக்க. டேபிள் மேல பொருள் வச்சு எடுக்குறவங்களுக்கு எல்இடியே போதும், ஏன்னு அடுத்த படியில சொல்றேன்.

ரூமப் பத்தி ஒரு வார்த்தை, இத யாரும் சொல்றதில்ல. கூரை 8 அடின்னா அது 2.4 மீட்டர் சொச்சம்தான். 120 செமீ ஆக்டா பாக்ஸோட (எட்டு மூலை சாஃப்ட்பாக்ஸ்) நடுப்புள்ளிய 2 மீட்டர் உயரத்துல வச்சா அதோட மேல் விளிம்பு 2.6 மீட்டர்ல நிக்கணும், அதாவது கூரைய இடிக்கும், அப்புறம் அத கீழ எறக்கி எறக்கி கடைசில வெளிச்சம் மூஞ்சிக்கு நேரா வந்து நிக்கும், கண்ணாடி போட்ட ஆளா இருந்தா ரெண்டு கண்ணாடியிலயும் வெள்ளையா பெரிய வட்டம் தெரியும். சின்ன ரூமுக்கு 80, 90 செமீ போதும். சுவத்துக்கு பச்சை, ஆரஞ்சு மாதிரி அழுத்தமான பெயிண்ட் அடிச்சிருந்தா அந்த கலர் தோல்ல ஒட்டும், அப்போ சாஃப்ட்பாக்ஸோட கிரிட் (வெளிச்சம் பக்கத்துல சிதறாம தடுக்குற கட்டம் போட்ட துணி) கிடைக்குதான்னு பாத்து வாங்குங்க, இல்லாட்டி ஆள சுவத்த விட்டு தள்ளி நிக்க வைங்க.

படி 2: ஃபிளாஷா, எல்இடியா

எல்இடி கண்ணுக்கு தெரியுது, எங்க நிழல் விழுதுன்னு முன்னாடியே பாக்கலாம், அதனால புதுசா வர்றவங்களுக்கு அதுதான் ஈசின்னு தோணும். ஒத்துக்கிறேன். ஆனா கணக்கு ஒன்னு இருக்கு. 100 வாட் எல்இடி ஒரு செகண்டுக்கு 100 ஜூல். நீங்க 1/200ல ஷட்டர் வச்சா அந்த நேரத்துக்குள்ள அது செலவழிக்கிறது அரை ஜூல். கேமரா மேல மாட்டுற ஸ்பீட்லைட் ஃபுல் பவர்ல சுமார் 75 ஜூல (ஜூலும் வாட் செகண்டும் ஒன்னுதான்) கண்ணு சிமிட்டுற நேரத்துக்குள்ள கொட்டிருது. ரெண்டும் கரண்ட்ட வெளிச்சமா மாத்துற திறன் வேற வேறதான், அதுக்காக கொஞ்சம் கூட்டிக் கொறச்சாலும் அந்த வித்தியாசம் எங்கயும் போகாது. எல்இடிய வச்சு ஆளுங்கள எடுத்தா ஐஎஸ்ஓவ ஏத்தணும் இல்ல அப்பெர்ச்சர தொறக்கணும், எதிர்ல உக்காந்திருக்கவரு வேற கண்ணக் கூசிக்கிட்டே இருப்பாரு.

இதே கணக்க திருப்பிப் போடுங்க. ட்ரைபாட் மேல கேமரா, எதிர்ல அசையாத ஒரு வாட்ச், ஷட்டர் ஒரு செகண்ட். இப்போ அதே எல்இடி உங்களுக்கு முழு 100 ஜூலும் குடுக்குது. அதனாலதான் ப்ராடக்ட் எடுக்குறவங்களுக்கும் வீடியோவும் சேத்து எடுக்குறவங்களுக்கும் எல்இடி சரின்னு சொல்றேன். வாங்கும்போது சிஆர்ஐ (கலர எவ்ளோ சரியா காட்டுதுங்கிற அளவு) 95க்கு மேல இருக்கான்னு பாருங்க, டிம் பண்ணும்போது வீடியோல கோடு கோடா ஓடுதான்னும் பாருங்க.

இன்னொன்னு, மிரர்லெஸ் வச்சிருக்கவங்க கவனிக்கணும். சைலன்ட் ஷட்டர்ல, அதாவது எலக்ட்ரானிக் ஷட்டர்ல, பெரும்பாலான கேமராவுல ஃபிளாஷ் அடிக்கவே அடிக்காது. சென்சார் வரி வரியா படிக்கிறதால வர்ற தொந்தரவு அது. சோனி ஏ9 த்ரீ மாதிரி மொத்த சென்சாரையும் ஒரே நேரத்துல படிக்குற குளோபல் ஷட்டர் இருக்குற கேமராவுக்கு இந்த பிரச்சினை இல்ல. ஃபிளாஷ் கெட்டுப்போச்சுன்னு நெனச்சு திருப்பி அனுப்புறதுக்கு முன்னாடி மெனுவுல மெக்கானிக்கல் ஷட்டர் இருக்கான்னு பாத்துருங்க.

படி 3: பவர் எவ்ளோ வேணும்

இதுல கொஞ்சம் நேரம் செலவு பண்ணுங்க, காசு கரையறது இங்கதான்.

ஸ்பீட்லைட் பெட்டி மேல கைடு நம்பர் 60ன்னு பெருசா போட்டிருப்பாங்க. தூரத்தையும் எஃப் நம்பரையும் பெருக்கினா வர்றதுதான் கைடு நம்பர், ஐஎஸ்ஓ 100ல, மீட்டர் கணக்குல. விஷயம் என்னன்னா அந்த 60ங்கிறது ஃபிளாஷோட தலைய 200 மிமீ வரைக்கும் ஜூம் பண்ணி வெளிச்சத்த ஒரே கம்பியா குவிச்சு அளந்ததா இருக்கும். நீங்க அத சாஃப்ட்பாக்ஸ்ல போடும்போது அப்படி குவிக்க மாட்டீங்க, பரப்பித்தான் விடுவீங்க. அதனால ஸ்பெக்ல 35 மிமீல என்ன போட்டிருக்குன்னு தேடுங்க, அதுதான் ரெண்டு மாடல ஒப்பிடுறதுக்கு ஒழுங்கான நம்பர்.

அது 36ன்னு வச்சுப்போம். ஆள் 2 மீட்டர் தூரம், 36ஐ 2ஆல வகுத்தா எஃப் 18. சாஃப்ட்பாக்ஸ் துணி சுமார் ரெண்டு ஸ்டாப் தின்னுரும் (ஒரு ஸ்டாப் கொறஞ்சா வெளிச்சம் பாதியாகும்), இப்போ எஃப் 9. ரூமுக்குள்ள போர்ட்ரெய்ட்டுக்கு எஃப் 9 அதிகம்தான், பவர கால்வாசிக்கு கொறச்சாக்கூட எஃப் 4.5 கிடைக்குது, ஃபிளாஷும் சூடாகாம டக்கு டக்குன்னு அடுத்த ஷாட்டுக்கு ரெடியாயிரும். அதுக்குத்தான் மொத படியில ஸ்பீட்லைட் தாராளம்னு சொன்னேன்.

இத அப்படியே வெயிலுக்கு தூக்கிட்டு போங்க. நல்ல வெயில்ல ஐஎஸ்ஓ 100, 1/100, எஃப் 16ங்கிறது ரொம்ப பழைய கணக்கு, அதாவது 1/200ல எஃப் 11. உங்க சாஃப்ட்பாக்ஸ் ஃபுல் பவர்லயே எஃப் 9தான் குடுக்குது, வெயிலுக்கு சமமாக்கூட வரல. இங்கதான் 600 வாட் செகண்ட் வேலைக்கு வருது. 75லருந்து 600 எட்டு மடங்கு, எட்டு மடங்குன்னா மூணு ஸ்டாப், அதே சாஃப்ட்பாக்ஸ்ல எஃப் 25 பக்கம் வரும், வானத்த கொஞ்சம் இருட்டாக்கி ஆள பளிச்சுன்னு காட்டலாம்.

பவர் ரெண்டு மடங்கானா ஒரு ஸ்டாப், அவ்ளோதான், இத மனசுல வச்சுக்கோங்க. 400க்கும் 600க்கும் நடுவுல வித்தியாசம் அரை ஸ்டாப்ப விட கொஞ்சம்தான் அதிகம். லைட்ட ஒரு எட்டு கிட்ட நகத்தினா அது வந்துரும். அந்த அரை ஸ்டாப்புக்கு எவ்ளோ எடையும் காசும் கூடுதுன்னு பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

பெரிய லைட் எப்பவும் நல்லதுன்னும் கிடையாது. எவ்ளோ கீழ எறங்குதுன்னு பாருங்க. 600 வாட் செகண்ட் லைட் 1/32 வரைக்கும்தான் எறங்கும்னா அதோட கடைசி படியே கிட்டத்தட்ட 19 வாட் செகண்ட், எஃப் 1.8ல பின்னாடி கலங்கலா வர்ற மாதிரி எடுக்கணும்னு ஆசைப்பட்டா முகம் வெளுத்துப்போயிரும். 1/256 வரைக்கும் எறங்குறதா பாத்து வாங்கினா இந்த தலைவலி இல்ல.

ஹெச்எஸ்எஸ், அதாவது ஹை ஸ்பீட் சிங்க் பத்தியும் இங்கயே சொல்லிடறேன். உங்க கேமராவுக்கு சிங்க் ஸ்பீடுன்னு ஒன்னு இருக்கும், சாதாரணமா ஃபிளாஷோட எடுக்கக்கூடிய அதிகபட்ச ஷட்டர் வேகம் அது, பெரும்பாலும் 1/200 இல்ல 1/250. அதுக்கு மேல போனா படத்துல ஒரு பக்கம் கருப்பு பட்டை விழும், ஏன்னா ஷட்டரோட ரெண்டாவது திரை பாதியில வந்து மறைக்குது. ஹெச்எஸ்எஸ்ல ஃபிளாஷ் ஒரே அடியா அடிக்காம குட்டி குட்டியா தொடர்ந்து அடிச்சு இத சமாளிக்கும், ஆனா அதுக்குள்ள நுழையும்போதே ரெண்டு ஸ்டாப் பக்கம் பவர் போயிரும், அதுக்கு மேல ஷட்டர ஏத்த ஏத்த இன்னும் கொறையும். அதனால "ஹெச்எஸ்எஸ் இருக்கு, சின்ன ஃபிளாஷே போதும்"னு சொல்றவங்க பேச்ச நம்பாதீங்க. லென்ஸ்ல மூணு ஸ்டாப் என்டி ஃபில்டர் (வெளிச்சத்த கொறைக்குற கருப்பு கண்ணாடி) போட்டு 1/200லயே எடுக்குறது பல நேரம் இதவிட சுலபம்.

படி 4: லைட்டுக்கு முன்னாடி ட்ரிக்கர்

ட்ரிக்கர்னா கேமரா மேல மாட்டி, தள்ளி நிக்குற லைட்ட அடிக்க வைக்குற ரேடியோ. மொத லைட்ட வாங்கும்போது உண்மையில நீங்க அந்த கம்பெனியோட ரேடியோவுக்குள்ள போறீங்க, பொண்ணு எடுத்தா மொத்த குடும்பத்தோடயும் சம்பந்தம் வர்ற மாதிரி. இப்போ வர்ற ரேடியோ பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ்தான், ஆனா ஒரு கம்பெனியோட ட்ரிக்கர் பேசுறது இன்னொரு கம்பெனி லைட்டுக்கு புரியாது. அதனால இப்போ வாங்குற ஒத்த லைட்ட மட்டும் பாக்காம, அதே ட்ரிக்கர்ல வேலை செய்யுற சின்ன ஸ்பீட்லைட், நடுத்தர லைட், பெரிய ஸ்ட்ரோப் மூணும் அந்த கம்பெனிகிட்ட இருக்கான்னு பாருங்க. கோடாக்ஸ இவ்ளோ பேர் வாங்குறதுக்கு காரணம் இதுதான், ப்ரோஃபோட்டோ, எலின்க்ரோம் எல்லாம் தரத்துல ஒரு படி மேலன்னாலும் புதுசா வர்றவங்களுக்கு கை எட்டாத எடத்துல இருக்கு.

ட்ரிக்கர் உங்க கேமரா பிராண்டுக்கு ஏத்ததா இருக்கணும், கேனானுக்கு வேற, நிக்கானுக்கு வேற, சோனிக்கு வேற. ஆனா ஸ்டாண்ட்ல நிக்குற பெரிய லைட் பொதுவானது, நாளைக்கு கேமரா மாத்தினா ட்ரிக்கர மட்டும் மாத்தினா போதும். கேனான் 1500டி மாதிரி சில கேமராவுல ஹாட்ஷூ (கேமரா தலையில ஃபிளாஷ் மாட்டுற எடம்) நடுவுல இருக்குற பின்னையே எடுத்துட்டாங்க, அதுல சாதாரண மேனுவல் ட்ரிக்கர் வேலையே செய்யாது. உங்க கேமரா தலைய ஒருதடவ உத்துப் பாருங்க, நடுவுல பெரிய புள்ளி இருக்கான்னு.

வீட்ல பழைய ஃபிலிம் காலத்து ஃபிளாஷ் கெடந்தா ஆசப்பட்டு டிஜிட்டல் கேமரா மேல மாட்டிராதீங்க. அதுல சிலது ட்ரிக்கர் பண்ணும்போது 200, 250 வோல்ட் வரைக்கும் அனுப்பும், கேமரா சர்க்யூட் தாங்காது. சின்ன ரேடியோ ரிசீவர்ல மாட்டியும் பாக்க வேணாம், அதுவும் போயிரும்.

டிடிஎல், அதாவது கேமராவே அளந்து ஃபிளாஷ் பவர வைக்குறது, வேணுமா? ஆள் கிட்டயும் தூரமாவும் மாறி மாறி வர்ற எடத்துல, அதாவது ஃபங்ஷன்ல, வேணும். ஸ்டாண்ட்ல லைட், ஸ்டூல்ல ஆள்னா மேனுவல்தான் நல்லது, ஏன்னா வெள்ளை சட்டைக்கு ஒரு எக்ஸ்போஷர், கருப்பு சட்டைக்கு ஒரு எக்ஸ்போஷர்னு அது குழப்பாது.

படி 5: லைட்ட விட முன்னாடி மாட்டுறது முக்கியம்

வெளிச்சம் மென்மையா விழறதும் கடுமையா விழறதும் லைட்டோட விலையில இல்ல, ஆள் இருக்குற எடத்துலருந்து பாத்தா அந்த வெளிச்ச வட்டம் எவ்ளோ பெருசா தெரியுதுங்கிறதுலதான் இருக்கு. இத ஒருதடவ கண்ணால பாத்துருங்க. 90 செமீ சாஃப்ட்பாக்ஸ ஒருத்தர் முகத்துலருந்து ஒரு மீட்டர்ல வச்சு ஒரு படம் எடுங்க, மூக்கு நிழலோட ஓரம் எங்க முடியுதுன்னே தெரியாம கன்னத்துல கரைஞ்சு போயிருக்கும். அதே சாஃப்ட்பாக்ஸ மூணு மீட்டருக்கு தள்ளுங்க, பவர ஏத்தி எக்ஸ்போஷர சமம் பண்ணி இன்னொரு படம். இப்போ அந்த நிழலுக்கு ஓரம் வந்திருக்கும், நெத்தியில எண்ணெய் பசை பளபளன்னு புள்ளியா தெரியும், கண்ணுக்குள்ள இருந்த பெரிய வெள்ளை சதுரம் கடுகளவு ஆயிருக்கும். லைட் அதே லைட்தான். சாஃப்ட்பாக்ஸோட மூலைக்கு மூலை எவ்ளோ நீளமோ அவ்ளோ தூரத்துல வச்சு ஆரம்பிங்க, அங்கருந்து கிட்ட கொண்டுவரலாம்.

தூரம் பின்னணியையும் மாத்தும். லைட் ஆளுக்கு ஒரு மீட்டர், ஆளுக்கு பின்னாடி ஒரு மீட்டர்ல சுவர்னா சுவர் ரெண்டு ஸ்டாப் இருட்டா வரும். லைட்ட ரெண்டு மீட்டருக்கு தள்ளினா அதே சுவர் ஒரு ஸ்டாப் சொச்சம்தான் இருட்டா இருக்கும். வெள்ளை சுவர சாம்பலாக்க தனி பேப்பர் வாங்கவே வேணாம், லைட்ட கிட்ட கொண்டுபோனா போதும்.

மொத மாடிஃபையரா (லைட்டுக்கு முன்னாடி மாட்டுற சாமான்) குடை வாங்கலாமான்னா, வாங்கலாம், தப்பே இல்ல. விலை கம்மி, விரிக்க அஞ்சு செகண்ட். ஆனா ரூம் பூரா வெளிச்சத்த தெளிச்சு விடும், வெளிய காத்துல படகு பாய் மாதிரி இழுத்துட்டு போயிரும். சாஃப்ட்பாக்ஸ்னா வெளிச்சம் நம்ம சொன்ன எடத்துல நிக்கும், ஆனா கம்பிய ஒன்னொன்னா வளச்சு ஓட்டைல சொருகுற வகைய வாங்கிட்டீங்கன்னா ரெண்டாவது நாளே வெறுத்துப்போயிரும், குடை மாதிரி தள்ளினா விரியற வகையா பாருங்க.

மவுன்ட் போவன்ஸ் எஸ் வகையா இருக்கட்டும். போவன்ஸ் கம்பெனிய 2017லயே மூடிட்டாங்க, ஆனா அவங்க விட்டுப்போன அந்த மூணு காது மவுன்ட்தான் இன்னைக்கு ஊர் உலகம் பூரா ஓடுது. சாதாரண ஸ்பீட்லைட்டா இருந்தாலும் எஸ் வகை பிராக்கெட் ஒன்னு வாங்கி அதுக்குள்ள இறுக்கினா அதே சாஃப்ட்பாக்ஸ்தான், நாளைக்கு பெரிய லைட் வந்தாலும் அது வீணாகாது.

படி 6: ஸ்டாண்டுல கஞ்சத்தனம் வேணாம்

கடைசியா மிச்சம் இருக்குற காசுல ஸ்டாண்ட் வாங்குறதுதான் எல்லாரும் பண்றது. லைட்டையும் ஆளையும் அந்த ஸ்டாண்ட நம்பித்தான் பக்கத்துல பக்கத்துல நிறுத்துறோம்னு யோசிங்க. 2.8 மீட்டர் உயரம், கொஞ்சம் கனமான குழாய், திருகுற குமிழ் கையில நல்லா புடிபடணும். அதோட ஒரு சாண்ட் பேக், இது இல்லாம பெரிய சாஃப்ட்பாக்ஸ மாட்டாதீங்க. ஸ்டாண்டோட மூணு கால்ல ஒன்ன, லைட் எந்தப் பக்கம் முன்னாடி நீட்டிக்கிட்டு இருக்கோ அந்தப் பக்கமா வைங்க, அப்போதான் ஸ்டாண்ட் சாயாது.

படி 7: பேட்டரி

ஏஏ பேட்டரி போடுற ஸ்பீட்லைட்னா எனிலூப் மாதிரி ரீசார்ஜ் பண்ற நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு நாலு நாலா ரெண்டு செட். கடையில கிடைக்கிற ஆல்கலைன் போட்டா பத்து இருபது ஷாட்டுக்கு அப்புறம் ரெடி லைட் எரியறதுக்குள்ள ஆளு சிரிப்பையே மறந்துருவாரு. லித்தியம் பேட்டரியோட வர்ற ஸ்பீட்லைட் இப்போ நெறைய இருக்கு, முடிஞ்சா அதையே எடுங்க, அடுத்த ஷாட்டுக்கு ரெடியாகுற ரீசைக்கிள் ஒன்றரை ரெண்டு செகண்ட்ல முடிஞ்சிரும்.

விமானத்துல போறவங்களுக்கு ஒரு கணக்கு. வோல்ட்டையும் ஆம்பியர் ஹவரையும் பெருக்கினா வாட் ஹவர். 14.4 வோல்ட், 2.9 ஆம்பியர் ஹவர்னா 42 வாட் ஹவர் பக்கம். 100க்குள்ள இருந்தா கைப்பையில கொண்டுபோகலாம், 100லருந்து 160 வரைக்கும் விமான நிறுவனத்துகிட்ட முன்னாடியே கேக்கணும், அதுக்கு மேல பயணிகள் விமானத்துல ஏத்த மாட்டாங்க. தனியா எடுத்துட்டு போற ஸ்பேர் பேட்டரிய செக்-இன் பெட்டியில போடவே கூடாது, முனைய டேப் ஒட்டி கைப்பையிலதான்.

படி 8: வந்ததும் சோதிக்கிறது

பெட்டி வந்த அன்னைக்கே பண்ணிருங்க, திருப்பி அனுப்ப நாள் இருக்கும்போதே. கேமரா மேனுவல், ஒயிட் பேலன்ஸ் ஆட்டோ வேணாம் 5500 கெல்வின்ல நிறுத்துங்க, வெள்ளை சுவர் ஒன்னு எதிர்ல. கால் பவர்ல தொடர்ந்து பத்து ஷாட். பத்து படத்தையும் வரிசையா தள்ளிப் பாத்தா வெளிச்சமும் கலரும் ஒரே மாதிரி இருக்கணும், நடுவுல ஒன்னு இருட்டாவோ மஞ்சளாவோ குதிச்சா அந்த லைட் வேணாம். அப்புறம் ஃபுல், பாதி, கால், அரைக்கால்னு எறக்கி எடுங்க, ஒவ்வொரு எறக்கத்துக்கும் ஹிஸ்டோகிராம் (படத்தோட வெளிச்சத்த கேமரா காட்டுற வரைபடம்) சமமா நகருதான்னு பாருங்க. உங்க கேமராவோட சிங்க் ஸ்பீடு 1/200ஓ 1/250ஓ, அதுல ஒன்னு எடுத்து அடியில கருப்பு பட்டை வருதான்னும் பாத்துக்கோங்க, சில ட்ரிக்கர் கொஞ்சம் லேட்டா பேசும், அப்போ 1/160ல எடுக்க வேண்டியிருக்கும்.

செகண்ட் ஹேண்ட்னா ட்யூப் கருத்துருக்கா, பேட்டரி உப்பியிருக்கா, இது ரெண்டும் மொதல்ல. எது ரிப்பேரானாலும் நீங்களே திருப்புளி எடுத்து கழட்டாதீங்க, பேட்டரிய எடுத்த பிறகும் உள்ள இருக்குற கெபாசிட்டர்ல 300 வோல்ட் பக்கம் நிக்கும், அது ஆளையே தூக்கி அடிக்கிற சமாச்சாரம்.

படி 9: மொத படம்

ஐஎஸ்ஓ 100, 1/200, எஃப் 5.6. ஃபிளாஷ அணைச்சுட்டு ஒன்னு எடுங்க, படம் கருப்பா வரணும். கருப்பா வந்தா ரூம் வெளிச்சம் உள்ள வரலன்னு அர்த்தம், இனிமே படத்துல இருக்கப் போறது உங்க லைட் மட்டும்தான். இப்போ சாஃப்ட்பாக்ஸ ஆளோட முகத்துக்கு 45 டிகிரி பக்கவாட்டுல, கண்ணுக்கு கொஞ்சம் மேல வச்சு 1/8ல அடிங்க. இருட்டா இருந்தா 1/4, வெளுத்தா 1/16. பின்னாடி இருக்குற ஜன்னல் வெளிச்சமும் வேணும்னா ஷட்டர 1/60க்கு எறக்குங்க, முகத்துல விழற ஃபிளாஷ் அப்படியே இருக்கும், ஜன்னல் மட்டும் ஏறும். அப்பெர்ச்சர் மாத்தினா ரெண்டும் மாறும். பின்னாடி எரியறது மஞ்சள் பல்புன்னா ஃபிளாஷ் மேல ஒரு சிடிஓ ஜெல் (ஆரஞ்சு கலர் பிளாஸ்டிக் தாள்) ஒட்டிக்கோங்க.

ஒரு பக்க முகம் ரொம்ப இருட்டா இருக்கேன்னு தோணும், உடனே ரெண்டாவது லைட் தேட ஆரம்பிப்பீங்க. அதுக்கு முன்னாடி ஒரு வெள்ளை தெர்மாகோல் ஷீட்ட அந்த இருட்டுப் பக்கம் கன்னத்துக்கு ரெண்டு அடி தள்ளி நிறுத்திப் பாருங்க, பத்தலன்னா ஒரு அடிக்கு கொண்டுவாங்க. அதையும் பண்ணி, முடிக்கும் பின்னணிக்கும் நடுவுல பிரிவு தெரியலன்னு திரும்பத் திரும்ப தோணுச்சுன்னா அப்போ வாங்குங்க ரெண்டாவது லைட், அதே ட்ரிக்கர்ல வேலை செய்யுற சின்ன ஸ்பீட்லைட் ஒன்னு, பின்னாடி தோள் பக்கமா வைக்க.